காணாமல் போன ஒன்பது மைல்

பர்டெட் போனில் கத்தினால் அவருக்கு ஏதோ புரியவில்லை என்று அர்த்தம். புரிந்துவிட்டால் மெதுவாகத்தான் பேசுவார். அன்று காலையில் காது கிழியக் கத்தினார்.

"ஓரின், அந்த ஆஸ்க்ரன் பயலோட ஒன்பது மைல் எங்கய்யா போச்சு? வெள்ளிக்கிழமை அவன் முழங்கையைத் திறக்கப் போறாங்க. அதுக்குள்ள நீ போய்ப் பாத்துட்டு எனக்குச் சொல்லு."

பர்டெட் எங்கள் பேஸ்பால் கிளப்பில் ஆட்டக்காரர்களை எடுப்பதும் விடுவதுமான வேலைக்குத் தலைமை. நான் அவருக்குக் கீழே ஸ்கவுட். ஊர் ஊராகப் போய், மட்டை பிடிப்பவனுக்குப் பின்னாலிருக்கும் கம்பி வலைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, எவன் தேறுவான் எவன் தேறமாட்டான் என்று பார்த்துச் சொல்வது என் பிழைப்பு. தேறாதவனைத் தேறுவான் என்று சொல்லி மாட்டிக்கொண்டிருக்கிறேன். ஆனால் தொலைந்துபோன வேகத்தைத் தேடிக் கண்டுபிடி என்று யாரும் என்னை அனுப்பியதில்லை. அது என்ன, பஸ்ஸில் விட்ட குடையா?

விஷயம் இதுதான். எண்பத்தாறாம் வருஷம் மார்ச்சில் ஃபுளோரிடா பயிற்சி முகாமில் எங்கள் மூத்த ஸ்கவுட் ஹார்லன் வாய்ட் இன்னொரு கிளப்பில் பந்தெறியும் பிட்சர் ஒருவனைப் பார்த்தார். பெயர் வெண்டல் ஆஸ்க்ரன். மணிக்குத் தொண்ணூற்றெட்டு மைல். அந்தக் காலத்தில் அந்த வேகத்தில் பந்தெறிகிறவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அப்படி ஒருத்தன் கையில் இருந்தால் கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸில் இறக்கிவிட்டு நிம்மதியாக உட்காரலாம். மூன்று பேர் வருவார்கள், காற்றை அடித்துவிட்டுப் போவார்கள், ஆட்டம் முடிந்தது. பர்டெட் உடனே போனை எடுத்து, எங்களிடம் இருந்த நல்ல இடதுகை ஆட்டக்காரன் ஒருவனைக் கொடுத்து, ஆஸ்க்ரனை மாற்றிக்கொண்டார். வந்தவன் முதல் நாளே எறிந்தான். எண்பத்தொன்பது. எண்பத்தொன்பது எறிகிறவன் எந்த ஊர் பெட்ரோல் பங்கிலும் கிடைப்பான்.

குளிர் விடட்டும் என்றார்கள். விட்டது. எண்பத்தொன்பதுதான். புது இடத்தில் பயம் என்றார்கள். அவன் பயந்த மாதிரி யாருக்கும் தெரியவில்லை. எலும்பைப் படம் எடுத்தார்கள், சுத்தமாக இருந்தது. கடைசியில் கிளப் டாக்டர், படத்தில் தெரியாதது ஏதாவது உள்ளே இருக்கும், திறந்து பார்த்தால்தான் சொல்லமுடியும் என்று சொல்லிவிட்டார். டாக்டர்களுக்கு என்ன, திறந்து பார்ப்பதென்றால் குஷிதான்.

ஆஸ்க்ரனை அனுப்பியிருந்த மார்லோ டென்னஸியில் இருக்கிறது. ஜூலையில் அங்கே மூச்சு விடுவதே ஒரு வேலை. எங்கள் இரண்டாம் கட்ட அணி அங்கேதான் ஆடுகிறது. செவ்வாய் சாயங்காலம் போய் உட்கார்ந்தேன். எட்டாவது இன்னிங்ஸில் ஆஸ்க்ரன் வந்தான். இருபத்தேழு வயது, ஒடிசல், நெப்ராஸ்கா பண்ணைப் பையன்களுக்கே உரிய வெயில் பட்ட கழுத்து. பந்தின் வேகத்தை அளக்கும் ரேடார் துப்பாக்கியை நீட்டினேன். எண்பத்தொன்பது. எண்பத்தெட்டு. எண்பத்தொன்பது.

துப்பாக்கி மேல் எனக்குச் சந்தேகம். ஒவ்வொரு கம்பெனி துப்பாக்கியும் ஒவ்வொரு கதை சொல்லும், சிலது மூன்று நாலு மைல் கூட்டியே காட்டும். அதைச் சோதிக்க எங்களிடம் ஒரு இசைக்கவை உண்டு, தட்டினால் ஒரே சீராக அதிரும் இரும்புக் கவை. முழங்காலில் தட்டி முன்னால் பிடித்தால், அது சொல்லவேண்டிய எண்ணை மட்டும் சொல்லவேண்டும். தட்டினேன். சரியாகச் சொன்னது. பக்கத்தில் வேறு கிளப் ஸ்கவுட் ஒருவன் உட்கார்ந்திருந்தான், வெட்கத்தை விட்டு அவன் துப்பாக்கியை எட்டிப் பார்த்தேன். அதுவும் எண்பத்தொன்பதுதான். அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இதில் கொடுமை என்னவென்றால், பையனிடம் ஒரு குறையும் தெரியவில்லை. கை கெட்டுப்போனவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வலிக்கும் இடத்தைக் காப்பாற்ற உடம்பு ஏதாவது தில்லுமுல்லு பண்ணும். தோளைத் தாழ்த்துவான், காலைச் சீக்கிரம் ஊன்றுவான், எறிந்தபின் கையை உதறுவான். இவன் எதுவும் பண்ணவில்லை. அழகாக எறிந்தான். இரண்டு பேரை அடிக்கவிட்டான், மூன்று பேரை அவுட்டாக்கி அனுப்பினான், துண்டை எடுத்து முகம் துடைத்துக்கொண்டு போனான். ஒன்பது மைலைத் தொலைத்துவிட்டு மற்ற எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருக்கும் கையை நான் கேள்விப்பட்டதே இல்லை.

மறுநாள் காலை அவனைப் பார்க்கப் போனேன். உடை மாற்றும் அறையில் ஒரு வாளி நிறைய அரிசியை வைத்துக்கொண்டு, அதற்குள் வலது கையை விட்டுப் பிசைந்துகொண்டிருந்தான். விரல் பலத்துக்காம். அதோடு விட்டானா? யாரோ ஈரல் சாப்பிடச் சொன்னதால் தினமும் ஈரல். யாரோ இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொன்னதால் மூன்று மாதமாக இடது பக்கம் மட்டும் தூக்கம். ஈயக் குண்டைச் சுற்றிச் சுற்றித் தோள்பட்டையில் தழும்பே வந்திருந்தது. எல்லாவற்றையும் ஒரு தப்பு செய்த பிள்ளை மாதிரி வரிசையாகச் சொன்னான். எனக்கு அவனைத் திட்டவும் தோன்றியது, கட்டிக்கொள்ளவும் தோன்றியது.

பழைய கிளப்பில் அவன் வேகம் எவ்வளவு என்று சொல்வார்கள் என்று கேட்டேன்.

"எண்பத்தெட்டு, எண்பத்தொன்பதுன்னுதான் சொல்வாங்க சார். ஆனா அந்தக் கோச்சோட துப்பாக்கி பழசு. நானும் அவ்வளவுதான்னு நெனச்சுட்டு இருந்தேன். அப்புறம் உங்க ஆபீஸ்லேர்ந்து போன் வந்துது. தொண்ணூத்தெட்டு எறிஞ்சிருக்கியே, இத்தனை நாள் எங்கய்யா ஒளிஞ்சிருந்தேன்னு கேட்டாங்க. யோசிச்சுப் பாத்தேன். அன்னைக்குக் காலைல பந்து கையில லேசா இருந்துது சார். நெசமாத்தான் சொல்றேன். ரொம்ப லேசா இருந்துது."

அந்தக் காலையை அவன் இதற்குள் எத்தனை தரம் நினைத்துப் பார்த்திருப்பான் என்று அவன் முகமே சொன்னது. என்ன சாப்பிட்டான், எந்த ஷூ போட்டிருந்தான், காற்று எந்தப் பக்கம் அடித்தது, எல்லாம் சொன்னான். அதே ஷூவைத்தான் இன்னும் போட்டுக்கொண்டிருந்தான், பிய்ந்த இடத்தில் டேப் ஒட்டி.

ஆபரேஷனுக்குப் பயமில்லையா என்றேன். பயம்தான், ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் இருப்பதைவிட அது மேல் என்றான். மனைவி லொரெய்ன் மட்டும் வேண்டாம் என்று அழுகிறாளாம். அவர்கள் ஊரில் ஒருத்தன் இப்படித்தான் முழங்கையைத் திறக்கக் கொடுத்துவிட்டு, இப்போது அந்தக் கையால் சட்டைப் பொத்தான் போட முடியவில்லையாம். அதைச் சொல்லிவிட்டு மறுபடி அரிசிக்குள் கையை விட்டான்.

நான் தங்கியிருந்த மோட்டலுக்குத் திரும்பிப் போய் ஹார்லனுக்குப் போன் போட்டேன். முப்பது வருஷமாக இந்தத் தொழிலில் இருப்பவர். அவர் கண்ணைப் பற்றி யாரும் கேள்வி கேட்பதில்லை, கேட்டால் காது தாங்காது. நானோ கேட்டேவிட்டேன். நிஜமாகவே தொண்ணூற்றெட்டைப் பார்த்தீர்களா, இல்லை முதல் நாள் பார்ட்டி தெளியவில்லையா என்று. கொஞ்ச நேரம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். என் அம்மா, என் ஊர், என் துப்பாக்கி ஒன்றையும் விடவில்லை. நாளைக்கே வருகிறேன், என் கண்ணெதிரே அவனை எறியச் சொல், என்ன கோளாறு என்று முதல் பந்திலேயே சொல்கிறேன் என்று போனை வைத்தார்.

வியாழன் மத்தியானம் கென்டக்கியிலிருந்து தனியாகக் கார் ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மைதானத்தில் வேறு யாரும் இல்லை. ஆஸ்க்ரனை வரச்சொல்லி, இடது வேலி ஓரமாகப் பந்தெறிந்து பழகும் மேட்டில், பந்தைப் பிடிக்க ஒரு கேட்சரோடு நிறுத்தியிருந்தேன். அவன் மெதுவாக ஆரம்பித்து, கை சூடானதும் முழுசாக எறிந்தான். ஹார்லன் வேலியைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். முதல் பந்து போயிற்று. அவர் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறமும் சொல்லவில்லை. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"சரி, ஆஸ்க்ரன் எப்ப வருவான்?"

"இவன்தான் ஆஸ்க்ரன்."

"எவன்?"

"எறியறானே, அவன்தான்."

அவர் என்னைப் பாவமாகப் பார்த்தார். நான் அவரைப் பாவமாகப் பார்த்தேன்.

"எனக்கு வயசாச்சுன்னு வெளையாடறியாடா ஓரின்?"

"பெரிசு, வெயில்ல இவ்வளவு தூரம் வந்திருக்கீங்க. மொதல்ல தண்ணி குடிங்க."

"தண்ணியை நீ குடி. இவனை என் ஜென்மத்துல நான் பாத்ததில்லை. நான் பாத்தவனுக்குச் செம்பட்டை முடி. கழுத்து எருமைக் கழுத்து. இவன் யாருடா, ஒட்டடைக் குச்சி மாதிரி?"

இந்த மனுஷனுக்குப் புத்தி தடுமாறிவிட்டது என்றுதான் நினைத்தேன். என் மாமா ஒருவர் இப்படித்தான் ஒரு நாள் காலையில் தன் பெண்டாட்டியைப் பார்த்து நீ யார் என்று கேட்டார். ஹார்லனின் மனைவிக்கு யார் சொல்வது, காரை யார் திருப்பி ஓட்டிக்கொண்டு போவது என்றெல்லாம் யோசிக்க ஆரம்பித்துவிட்டேன். அதற்குள் அவர் வேலிக் கதவைத் திறந்துகொண்டு மேட்டுக்கே போய்விட்டார். பின்னால் ஓடினேன்.

"தம்பி, முகாம்ல உன் சட்டைல என்ன நம்பர்?"

"எழுபத்தாறு சார்."

"பொய் சொல்லாதே. எழுபத்தாறு போட்டவனைத்தான் நான் பாத்தேன்."

"எழுபத்தாறுதான் சார்," என்றான் ஆஸ்க்ரன். கிழவர் ஏன் கோபப்படுகிறார் என்று அவனுக்குப் புரியவில்லை. "எனக்கும் குபியாக்குக்கும். ரெண்டு பேருக்கும் அதே நம்பர்தான் குடுத்திருந்தாங்க."

"குபியாக்னா யாரு?"

"எங்ககூட இருந்தான் சார். செம்பட்டை முடி. கழுத்து இவ்வளவு பெருசா இருக்கும்."

கேட்சர் எழுந்து நின்று முகமூடியைக் கழற்றினான்.

பயிற்சி முகாமின் பின் மைதானங்களுக்குப் போனவர்களுக்கு இது தெரியும். அங்கே சட்டையில் பெயர் கிடையாது. நட்சத்திரங்கள் எல்லாம் முன் மைதானத்தில். பின்னால் இருப்பதெல்லாம் வந்துபோகும் கூட்டம், நூற்றுக்கணக்கான பேர். இருக்கிற பழைய சட்டைகளைப் பங்கிட்டுக் கொடுப்பார்கள், ஒரே எண்ணில் இரண்டு பேர் சுற்றுவார்கள். நம் கையில் கொடுக்கும் தாளிலோ ஒரு எண்ணுக்கு ஒரு பெயர்தான் இருக்கும். ஒருத்தன் எறிவதைப் பார்ப்போம், எண்ணைப் பார்ப்போம், தாளில் பெயரைப் பார்ப்போம். நான் அப்படித்தான் செய்திருப்பேன். பர்டெட் கேட்டதும் அந்தக் கிளப்காரர்கள் ஏன் பேரமே பேசாமல் ஆஸ்க்ரனைத் தூக்கிக் கொடுத்தார்கள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. சந்தோஷத்தில் அவர்களுக்குத் தலைகால் புரிந்திருக்காது.

ஹார்லன் என்னைச் சட்டையைப் பிடித்து வேலி ஓரமாக இழுத்துக்கொண்டு போனார். முகம் வெளுத்திருந்தது. குரலைத் தாழ்த்திப் பேசினார். இப்போது இதைச் சொன்னால் இந்தப் பையனை நாளைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், எண்பத்தொன்பதுக்கு யாரும் சோறு போடமாட்டார்கள். சொல்லாவிட்டால் நாளைக்கு ஆபரேஷன், அப்புறம் ஒரு வருஷம் காயப்பட்டவர்கள் கணக்கில் முழுச் சம்பளம். நமக்கும் தலைகுனிவு இல்லை. எது அவனுக்கு நல்லது, நீயே சொல் என்றார்.

சத்தியமாக எனக்குத் தெரியவில்லை. அவர் தன் பெயரைக் காப்பாற்றப் பார்க்கிறாரா, பையனைக் காப்பாற்றப் பார்க்கிறாரா என்றும் தெரியவில்லை. அவருக்கே தெரிந்திருக்காது. ஒரு வருஷச் சம்பளம் சின்ன விஷயம் இல்லை. மேட்டில் ஆஸ்க்ரன் நாங்கள் என்ன முடிவு சொல்லப் போகிறோம் என்று காத்துக்கொண்டு, பந்தை வலது கையில் உருட்டிக்கொண்டிருந்தான். அந்தக் கையில் ஒரு குறையும் இல்லை. அதைக் கிழித்து, இல்லாத ஒன்றைத் தேடப் போகிறார்கள்.

"பெரிசு, நல்லா இருக்கற கையை வெட்டறதைப் பாத்துட்டு என்னால சும்மா இருக்க முடியாது," என்றேன். "நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

அவர் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டார். நானே சொல்கிறேன் என்று முன்னால் நடந்தார்.

சுற்றி வளைக்காமல் சொன்னார், அதற்காக அவரை மெச்சவேண்டும். அன்றைக்கு நான் பார்த்தது குபியாக்கை. எழுதியது உன் பெயரை. தொண்ணூற்றெட்டு அவனுடையது, உன்னுடையது இல்லை. தப்பு என்னுடையது.

ஆஸ்க்ரன் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு நின்றான். குபியாக்கையா, குபியாக்குக்குக் குறியே கிடையாதே, ஸ்ட்ரைக்கே விழாதே என்றான். பந்து கேட்சர் தலைக்கு மேலே போய் வலையில்தான் போய் அடிக்குமாம். முகாம் முடிவதற்குள்ளேயே அவனை அனுப்பிவிட்டார்களாம், இப்போது விஸ்கான்சினில் பீர் லாரி ஓட்டுகிறானாம். ஹார்லன் கண்ணை மூடிக்கொண்டார்.

பிறகு ஆஸ்க்ரன் கேட்டான். கோபமாக இல்லை, தெரிந்துகொள்ளும் ஆசையில்தான் கேட்டான்.

"அன்னைக்கு அதே மைதானத்துல நானும் எறிஞ்சேனே சார். அவனுக்கு அடுத்த இன்னிங்ஸ் நான்தான். என்னைப் பத்தி என்ன நெனச்சீங்க?"

ஹார்லன் என்னைப் பார்த்தார். ஏதாவது நல்லதாகச் சொல்லித் தொலையுங்கள் என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

"நீ எறியறப்ப நான் இல்லை தம்பி," என்றார். "சாஸேஜ் வாங்கப் போயிருந்தேன். வரிசை பெருசா இருந்துது."

"ஓ," என்றான் ஆஸ்க்ரன்.

"இருந்திருந்தா ரெண்டு எழுபத்தாறையும் பாத்திருப்பேன்."

"இப்பப் பாத்தீங்களே சார். எப்படி இருக்கு?"

"கை சுத்தமா இருக்கு. எறியறதும் அழகா இருக்கு." ஹார்லன் நிறுத்தினார். தொழில் அவரை விடவில்லை. "ஆனா உன் பேரை நான் எழுதியிருக்க மாட்டேன்."

ஆஸ்க்ரன் தலையாட்டினான். முழங்கையை ஒருமுறை மடக்கினான், நீட்டினான், மறுபடி மடக்கினான். பிறகு சிரிக்க ஆரம்பித்தான். எனக்கு ஒன்றும் புரியவில்லை. வேலை போகப்போகிறது என்று அவனுக்குத் தெரியும், நாங்கள் சொல்லவேண்டிய அவசியமில்லை. பர்டெட்டிடம் நான் பேசிப் பார்க்கிறேன் என்றேன். பர்டெட்டுக்கு இப்போது புரிந்துவிடும், மெதுவாகத்தான் பேசுவார் சார் என்று சொல்லி இன்னும் சிரித்தான். இந்தப் பையன் அழுதிருந்தால் நான் என்ன செய்வது என்று எனக்குத் தெரிந்திருக்கும். சிரிக்கிறவனை என்ன செய்வது? கேட்சர் கூட என்னிடம் வந்து இவனுக்கு ஒன்றுமில்லையே என்று காதில் கேட்டான்.

உடை மாற்றும் அறை வாசலில் சுவரோடு ஒரு போன் இருந்தது. ஆஸ்க்ரன் போய் நெப்ராஸ்காவுக்குச் சுற்றினான். நானும் ஹார்லனும் கொஞ்சம் தள்ளி, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றோம். ரிசீவரை இடது தோளில் இடுக்கிக்கொண்டு, பழக்கதோஷத்தில் வலது கை விரல்களைப் பிசைந்து பிசைந்து விட்டுக்கொண்டிருந்தான். அந்தப் பக்கம் எடுத்ததும் பிசைவதை நிறுத்தினான்.

"லொரெய்ன், அழாதே. நாளைக்கு ஆபரேஷன் இல்லை. நான் வீட்டுக்கு வரேன்... இல்லம்மா, கைக்கு ஒண்ணும் ஆகலை. எதுவுமே தொலையலையாம். மொதல்லேர்ந்தே இவ்வளவுதானாம்."